காணும் நாள்

நுழையும்முன்

ஊர்ப்புறத்துக் குன்றுகளும் ஏரிகளும் பழங்கோயில்களும் விடுமுறை நாள்களில் குடும்பங்களால் நிறைகின்றன. அங்குச் செல்வோர் அவ்விடங்களிலிருந்து எதைப் பெற்று வருகின்றனர், எதை அங்கே விட்டு வருகின்றனர் என்னும் வினாக்களை எழுப்பி, குடும்பச் சுற்றுலாவின் பயனையும் பொறுப்பையும் ஆராய்கிறது இக்கட்டுரை.

பொங்கல் விழாவின் நிறைவாக வரும் நாளுக்குக் காணும் பொங்கல் என்று பெயர். உற்றார் உறவினரைக் காண்பதும், ஆற்றங்கரை, கடற்கரை, மலையடிவாரம் முதலிய இடங்களுக்குக் குடும்பத்துடன் சென்று வருவதும் அந்நாளின் வழக்கங்கள். ‘காணும்’ என்னும் சொல் இங்கு எண்ணிப் பார்க்கத்தக்கது. பார்த்தல் வேறு, காணுதல் வேறு. கண் திறந்திருந்தாலே பார்வை நிகழ்ந்துவிடும். பார்த்ததை உள்ளம் உணர்ந்து தன்னுடையதாக ஏற்கும்போதுதான் அது காட்சியாகிறது. அதனால்தான் ‘கண்டறிந்தான்’ என்றும் ‘கண்டுபிடித்தான்’ என்றும் தமிழ் கூறுகிறது. ‘பார்த்துப்பிடித்தான்’ என்று எவரும் கூறுவதில்லை.

காணும் பொங்கலுக்கு மறுநாள் காலையில் ஓர் ஏரிக்கரைக்கோ மலையடிவாரத்துக்கோ சென்று நோக்கினால் முந்தைய நாளில் நிகழ்ந்தது காணுதலா, பார்த்தலா என்பது விளங்கிவிடும். காற்றில் உருளும் நெகிழிக் குவளைகள், எண்ணெய் படிந்த தாள்கள், உடைந்த கண்ணாடிப் புட்டிகள், பாறையில் புதிதாகக் கீறப்பட்ட பெயர்கள் ஆகியவை அங்கே கிடக்கின்றன. வந்தவர்கள் தீயவர் அல்லர். தம் பிள்ளைகள் மகிழ வேண்டும் என்று பொருள் செலவிட்டு, பேருந்து மாறி வந்த எளிய குடும்பத்தினர். தம் வீட்டு முற்றத்தில் ஒரு தாளையும் கிடக்க விடாத அவர்கள் ஏரிக்கரையில் அவ்வாறு நடந்துகொள்வது ஏன்? அவ்விடம் தமக்கு உரியது என்னும் உணர்வு அவர்களுக்கு ஊட்டப்படவில்லை என்பதே அதற்கு விடை. அவ்வுணர்வை ஊட்டும் ஆற்றல் குடும்பச் சுற்றுலாவுக்கே உண்டு. உரிய முறையில் மேற்கொள்ளப்படும் ஒருநாள் பயணம் ஒரு குடும்பத்தை ஓர் இடத்தின் காவலராக மாற்றவல்லது.

மலைவளம் காணச் சென்ற வேந்தன்

குடும்பத்துடன் வெளியிடம் சென்று இயற்கையில் திளைப்பது இக்காலத்தார் புதிதாகக் கண்ட பொழுதுபோக்கு அன்று. வையையில் புதுவெள்ளம் வரும்போது மதுரை மக்கள் திரண்டு சென்று நீராடிய செய்தியைப் பரிபாடல் விரிவாகப் பாடுகிறது. ஆடிப் பதினெட்டில் காவிரிக்கரைக் குடும்பங்கள் புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் தேங்காய்ச் சோறும் கட்டிக்கொண்டு ஆற்றுக்குச் செல்கின்றன. பெண்கள் ஆற்றைத் தாயாகக் கருதி வழிபடுகின்றனர். சிறுவர்கள் சப்பரம் இழுக்கின்றனர். இங்கே ஆற்றுக்குப் போவது வெறும் களிப்பு மட்டும் அன்று. ஆற்றுக்கு நன்றி கூறப் போவதும் ஆகும். உண்ணும் சோறு எந்நீரில் விளைந்ததோ அந்நீரின் கரையில் அமர்ந்து அச்சோற்றை உண்பது அவ்விழாவின் உட்பொருள்.

சிலப்பதிகாரத்திலும் அத்தகைய பயணம் ஒன்று உண்டு. சேரன் செங்குட்டுவன் தன் தேவி இளங்கோ வேண்மாளுடனும் சுற்றத்துடனும் மலைவளம் காணப் புறப்பட்டுப் பேரியாற்றங்கரையில் தங்குகிறான். குன்றக்குறவர் மலைபடு பொருள்களைச் சுமந்து வந்து வேந்தனைக் காண்கின்றனர். வேங்கை மரத்தின் நிழலில் ஒருத்தி நின்றதையும், அவள் வானுலகு சென்றதையும் அவர்கள் கூறுகின்றனர். அங்கிருந்த சாத்தனார் அவளது வரலாற்றை விரித்துரைக்கிறார். எவ்வாறு வழிபட வேண்டும் என்னும் எண்ணம் அரசியின் சொல்லால் வழி பெறுகிறது. கண்ணகிக்குக் கோயில் எழுந்தது அதன் பின்னர்தான்.

இந்நிகழ்ச்சி காட்டும் உண்மை ஒன்று உண்டு. வேந்தன் மலையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தால் அவனுக்கு அருவியும் சோலையும் மட்டுமே கிடைத்திருக்கும். மலைவாழ் மக்கள் கூறியதைச் செவிமடுத்ததால் அவனுக்கு ஒரு வரலாறு கிடைத்தது. ஓர் இடத்தைக் காண்பது என்பது அவ்விடத்தில் வாழும் மக்களின் சொல்லைக் கேட்பதும் ஆகும்.

இளையர் அமைத்த இருக்கை

புதுக்கோட்டையிலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில் சித்தன்னவாசல் குன்று அமைந்துள்ளது. விடுமுறை நாள்களில் சுற்றுவட்டார மாவட்டங்களிலிருந்து குடும்பங்கள் அங்கு வருகின்றன. குன்றின் மேற்புறத்தில் ஏழடிப்பட்டம் எனப்படும் குகைத்தளம் உள்ளது. பாறைச் சரிவில் கால் பதிப்பதற்காக வெட்டப்பட்ட படிகளால் அப்பெயர் ஏற்பட்டது என்பர். அங்கே சமணத் துறவியர் தங்குவதற்காகப் பாறையில் வழவழப்பாகச் செதுக்கப்பட்ட 17 கற்படுக்கைகள் உள்ளன. அவற்றுள் ஒன்றன் அருகில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்த தமிழி எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. எருமி நாட்டைச் சார்ந்த குமுழூரில் பிறந்த ஒருவருக்கு இளையர் என்பார் அமைத்துக் கொடுத்த இருக்கை இது என்பது அவ்வெழுத்துகள் உணர்த்தும் செய்தி.

குன்றின் மறுபுறத்தில் அறிவர் கோயில் என்னும் குடைவரை உள்ளது. அதன் மேல்விதானத்தில் ஒரு தாமரைக்குளம் தீட்டப்பட்டுள்ளது. அதில் மீன்கள் துள்ளுகின்றன, யானைகளும் எருமைகளும் நீரில் இறங்குகின்றன, பறவைகள் நீந்துகின்றன, மலர் பறிப்போர் தாமரைகளை ஏந்தி நிற்கின்றனர். தூண்களில் ஆடல் மகளிரின் உருவங்கள் உள்ளன. பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில், அதாவது கி.பி. 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் இக்கோயிலைப் புதுப்பித்தார் என்று கல்வெட்டு கூறுகிறது. சுண்ணச்சாந்தின்மீது தீட்டப்பட்ட அவ்வோவியங்களில் பெரும்பகுதி இன்று மங்கிவிட்டது. எஞ்சியிருப்பதும் தொட்டால் உதிரக்கூடிய நிலையில் உள்ளது.

இத்தகைய இடங்களில் பெயரைக் கீறுவோரை நோக்கி, ‘ஏன் இவ்வாறு செய்கிறீர்கள்?’ என்று கேட்டால், ‘முன்னோரும் தம் பெயரைப் பாறையில் வெட்டித்தானே வைத்தனர்?’ என்று எதிர்வினா எழுப்பக்கூடும். அதற்கு விடை கூறாமல் தண்டனையை மட்டும் நினைவூட்டுவது பயன் தராது. இளையர் என்னும் பெயர் அப்பாறையில் இருப்பது உண்மையே. ஆனால், அப்பெயருக்கு முன்னால் ஒரு கொடை இருக்கிறது. தங்க இடமின்றி வந்த துறவி ஒருவருக்குக் கரடான பாறையைத் தேய்த்துப் படுக்கையாக்கித் தந்த பின்னரே அப்பெயர் எழுதப்பட்டது. அவ்வெழுத்து, கொடுத்தவர் பெயரை மட்டுமன்றிப் பெற்றவர் பிறந்த ஊரையும் சேர்த்தே சொல்கிறது. இன்று கீறப்படும் பெயரோ எதையும் கொடுக்கவில்லை. அங்கிருந்த ஒன்றை எடுத்துக்கொள்கிறது. கொடுத்தவரின் பெயர் கல்வெட்டாகிறது. எடுத்தவரின் பெயர் கீறலாகிறது. இவ்வேறுபாட்டை ஒரு தந்தை தன் மகனுக்கு அப்பாறையின் அருகில் நின்று விளக்குவாராயின், அக்குடும்பத்தில் எவரும் அதன்பின் எந்தச் சுவரிலும் பெயரைக் கீற மாட்டார்கள்.

பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தைச் சிதைப்போருக்கு ஈராண்டு வரை சிறைத்தண்டனையோ, ஓர் இலட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. 1958ஆம் ஆண்டின் அச்சட்டம் 2010ஆம் ஆண்டில் திருத்தப்பட்டு, தண்டனை கடுமையாக்கப்பட்டது. எனினும், ஒவ்வொரு பாறைக்கும் ஒரு காவலரை நிறுத்துதல் இயலாது. சட்டத்தின் கண் எட்டாத இடத்தில் அறிவே காவல் நிற்க வேண்டும்.

கோயிலும் ஏரியும்

மரபுச்சின்னம் வேறு, இயற்கை வேறு என்று பிரித்துக் காணும் வழக்கம் சுற்றுலாவில் வேரூன்றிவிட்டது. முன்னோர் அவ்வாறு பிரிக்கவில்லை. கங்கைகொண்ட சோழபுரத்தில் முதலாம் இராசேந்திரன் எழுப்பிய பெருங்கோயில் 2004ஆம் ஆண்டு முதல் உலக மரபுச் சின்னமாக விளங்குகிறது. அக்கோயிலைக் காண வருவோர் பலர். அதே வேந்தன் தன் கங்கை வெற்றியின் நினைவாக அவ்வூரின் அருகில் சோழகங்கம் என்னும் பேரேரியை அமைத்தான். திருவாலங்காட்டுச் செப்பேடு அதனை நீராலான வெற்றித்தூண் எனப் போற்றுகிறது. இன்று பொன்னேரி என்று வழங்கும் அவ்வேரியின் கரைவரை செல்வோர் சிலரே. கல்லால் எழுந்த கோயிலைக் காண்பவர் நீரால் எழுந்த தூணையும் கண்டால்தான் அவ்வேந்தனை முழுமையாக அறிந்தவர் ஆவர். கோயில் அவனது பெருமையைக் காட்டுகிறது. ஏரியோ அவன் உழவர்க்குச் செய்த நன்மையைக் காட்டுகிறது.

ஊர் காத்த பறவைகள்

செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் ஏரிக்குக் கார்காலம் தொடங்கியதும் பறவைகள் வரத் தொடங்குகின்றன. கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், நீர்க்காகம், கொக்கு ஆகியவை நீரில் நிற்கும் மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. அரசின் சட்டம் வருவதற்கு நெடுங்காலம் முன்பே அப்பறவைகளைக் காத்தவர்கள் அவ்வூர் உழவர்கள். பறவைகளைச் சுட வந்தோரைத் தடுக்கும் உரிமையை வேண்டி, 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அவர்கள் ஆங்கிலேய ஆட்சியரிடம் எழுத்து வடிவில் ஒப்புதல் பெற்றனர். 2022ஆம் ஆண்டில் பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலங்களின் பட்டியலாகிய ராம்சர் பட்டியலில் அவ்வேரி இடம்பெற்றது.

பறவைகளை அவ்வூரார் காத்ததற்கு அன்பு மட்டும் காரணமன்று, அறிவும் காரணமாகும். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகிறது. பறவைக்கு மரம் அடைக்கலம். மரத்துக்கு ஏரி அடைக்கலம். ஏரிக்கு ஊர் அடைக்கலம். ஊருக்குப் பறவை அடைக்கலம். இவ்வட்டத்தில் எந்தக் கண்ணி அறுந்தாலும் மற்றவை நிலைகுலையும். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடியிலும் இத்தகைய ஊர்க்காவலைக் காணலாம். அங்குள்ள கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கூட்டிலிருக்கும் குஞ்சுகள் அஞ்சும் என்பதால் தீபாவளியிலும் வெடி வெடிப்பதில்லை. பட்டாசுக்கு ஏங்கும் பருவத்துச் சிறுவர்களும் அந்நோன்பில் பங்கு கொள்கின்றனர்.

ஊர்ச் சிறுவர்கள் தம் தீபாவளியையே விட்டுக்கொடுத்துக் காக்கும் அமைதியை, அரைநாள் வந்து செல்லும் ஒரு குடும்பம் ஒலிபெருக்கியால் குலைப்பது எவ்வகையில் முறையாகும்? விருந்தினராகச் செல்பவர் விருந்தோம்புவோரின் வழக்கத்தை மதித்து நடப்பது தமிழர் பண்பாடு. பறவைகளின் ஏரிக்கரையில் மனிதர் விருந்தினரே.

யாருக்கு விடுமுறை?

குடும்பச் சுற்றுலாவைப் பற்றிப் பேசும்போது பலரும் கேட்க மறக்கும் வினா ஒன்று உண்டு. அந்த ஒருநாள் உண்மையில் யாருக்கு விடுமுறையாக அமைகிறது? வைகறை நான்கு மணிக்கு அடுப்பு மூட்டிக் கட்டுச்சோறு ஆக்குபவர் தாய். பிள்ளைகளின் மாற்றுடையையும் முதியோரின் மருந்தையும் நினைவாக எடுத்து வைப்பவர் தாய். குன்றின் அடிவாரத்தில் பைகளுக்குக் காவலாக அமர்ந்திருப்பவரும் தாயே. மாலையில் வீடு திரும்பிய பின்னர்ப் பாத்திரம் துலக்குபவரும் அவரே. மற்றவர் ஓவியத்தைக் காண, அவர் பைகளைக் கண்டுகொண்டிருக்கிறார் எனில் அது குடும்பத்தின் சுற்றுலா ஆகாது. குடும்பத்தில் சிலரது சுற்றுலாவே ஆகும்.

இதனைச் சீர்செய்யப் பெருஞ்செலவு தேவையில்லை. முதல்நாள் இரவே காய் நறுக்கவும், தண்ணீர் நிரப்பவும், பை கட்டவும் தந்தையும் மகனும் முன்வரலாம். முறைவைத்துப் பைகளைக் காத்தால் அனைவரும் குன்றேறலாம். ஏற இயலாத பாட்டிக்கு அடிவாரத்து மரநிழலும், அவ்வூர் முதியவர் ஒருவருடன் பேசும் பொழுதும் போதுமான காட்சியாக அமையலாம். திரும்பி வரும் பேரப்பிள்ளைகள் மேலே கண்டதைப் பாட்டிக்குச் சொல்லும்போது, சொல்பவருக்கும் அது இரண்டாம் முறை காண்பதாகிறது.

அரசுக்கும் ஊராட்சிகளுக்கும் இதில் கடமை உண்டு. தூய கழிப்பறை இல்லாத இடத்திற்குப் பெண்கள் தண்ணீர் குடிக்காமலேயே வந்து, வெயிலில் வாடித் திரும்புகின்றனர். சக்கர நாற்காலி செல்லும் சாய்தளம், குடிநீர், குப்பைத்தொட்டி, விடுமுறை நாள் பேருந்து, தமிழில் தெளிவான விளக்கப் பலகை ஆகியவை அலங்காரங்கள் அல்ல. அவை இருந்தால்தான் மரபுச்சின்னம் மகிழுந்து உடையோருக்கு மட்டுமன்றி அனைவருக்கும் பொதுவாகும். மக்களை மட்டும் குறை கூறி, வசதி செய்து தராமல் இருப்பது நேர்மையன்று.

கதவை அடைக்கலாமா?

கூட்டத்தால் சிதைவு நேர்கிறது என்பதால் இத்தகைய இடங்களைப் பொதுமக்களுக்கு மூடிவிடுவதே நல்லது என்று கருதுவோர் உள்ளனர். அவர்களது கவலை பொருளற்றதன்று. உதிரும் ஓவியத்துக்கும், குஞ்சு பொரிக்கும் பறவைக்கும் ஓய்வு தேவை. ஒரே நேரத்தில் உள்ளே செல்வோரின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவதும், சில பகுதிகளைச் சில காலம் அடைத்து வைப்பதும் ஏற்கத்தக்கனவே. ஆனால், முற்றிலும் மூடிவிடுதல் தீர்வாகாது. காணாத ஒன்றின்மீது எவருக்கும் அன்பு பிறப்பதில்லை. அன்பு இல்லாத இடத்தில் காவலும் இல்லை. வேடந்தாங்கல் நிலைத்திருப்பது மக்கள் விலகி நின்றதால் அன்று. நெருங்கி வாழ்ந்து, பயன் உணர்ந்து, பொறுப்பேற்றதால் ஆகும். மதிலும் பூட்டும் உள்ள எத்தனையோ பழங்கட்டடங்கள், கேட்பார் இன்றி மரம் முளைத்துப் பிளந்துள்ளன.

தொலைவிலுள்ள பெருநகரக் கேளிக்கைப் பூங்காவுக்குச் செல்ல ஆகும் செலவில் ஒரு சிறு பகுதி போதும், ஊருக்கு அருகிலுள்ள குன்றையோ ஏரியையோ காண. இந்தியத் தொல்லியல் துறையின் நினைவுச்சின்னங்களில் 15 வயதுக்கு உட்பட்டோருக்குக் கட்டணம் இல்லை. வழியில் நுங்கும் கொய்யாவும் விற்கும் ஊராரிடம் வாங்கினால் அச்சிறு செலவும் அவ்வூருக்கே பயன்படும். அவ்விடம் தமக்கு வாழ்வளிக்கிறது என்று ஊரார் உணர்ந்தால், அதனைக் காப்பதிலும் அவர்கள் முன்நிற்பர்.

மாணவரே வழிகாட்டி

மரபுச் செல்வத்தைப் போற்றுதலும், காடு, ஏரி, ஆறு, காட்டுயிர் ஆகியவற்றைக் காத்தலும் இந்திய அரசமைப்பு வகுத்துள்ள அடிப்படைக் கடமைகளுள் இடம்பெற்றுள்ளன. இக்கடமையை ஒரு குடும்பத்துக்குள் கொண்டு செல்லத் தகுதியானவர் அக்குடும்பத்து மாணவரே. பல வீடுகளில் தமிழி எழுத்தைப் பற்றியும், சங்க காலத் திணைகளைப் பற்றியும் படித்த முதல் ஆள் மேல்நிலை வகுப்பு மாணவராகவே இருக்கிறார். பெற்றோர் பேருந்துச் செலவைத் தரலாம். அங்குக் காண வேண்டியது எது என்பதை மாணவர் தரலாம்.

புறப்படுவதற்கு முன் அவ்விடத்தைப் பற்றி நூலகத்தில் ஒரு நூலைப் படிக்கலாம். பாட்டியிடம் அவ்வூரைப் பற்றி அவர் அறிந்த கதையைக் கேட்கலாம். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் நெகிழிப் பொருள்களுக்கு 2019 சனவரி 1 முதல் தடை உள்ளது. ஆதலால் வாழையிலையும் தூக்குச்சட்டியும் மஞ்சப்பையும் போதும். சென்ற இடத்தில் படம் எடுப்பது தவறன்று. படம் எடுப்பதற்கு முன் சிறிது நேரம் அமைதியாக நின்று காண்பது நன்று. திரும்பிய பின்னர், கண்டவற்றை ஒரு பக்க அளவில் எழுதி வைக்கலாம். பத்தாண்டு கழித்து அவ்வேரி வற்றினாலோ, அவ்வோவியம் மங்கினாலோ அப்பக்கம் ஒரு சான்றாக நிற்கும்.

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றது. மக்களின் வாழ்வும் ஒழுக்கமும் அவற்றின்மீது அமைந்தவை. குடும்பம் ஒன்று நகரத்தின் இரைச்சலை விட்டு ஒருநாள் குன்றையும் ஏரியையும் நாடிச் செல்வது, அம்முதற்பொருளை நோக்கித் திரும்புவதே ஆகும். சித்தன்னவாசலில் இளையர் அமைத்த இருக்கை இன்றும் இருக்கிறது. அதில் படுத்த துறவி இன்று இல்லை, அமைத்தவரும் இல்லை. அடுத்து வருவோருக்கு ஓர் இடத்தைச் செம்மையாக விட்டுச் செல்ல வேண்டும் என்னும் எண்ணம் மட்டும் அக்கல்லில் நிலைத்திருக்கிறது. அடுத்த காணும் பொங்கலில் அப்பாறையின் முன் நிற்கும் மாணவர் அந்த எண்ணத்தைக் கண்டுகொண்டால், அந்நாள் தன் பெயருக்கு உரிய பொருளைப் பெறும்.